மூன்று சொம்பு வெந்நீர்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் என்னைக் கண்டால் சிரிக்கிற ஆள் குறைவு. கொழுந்து நிறுக்கிறவனைப் பார்த்து எவர் சிரிப்பார்? குன்னூரிலிருந்து முக்கால் மணி நேரம் பஸ்ஸில் போனால் எங்கள் தோட்டம். இருபத்தெட்டு வருசமாக அங்கே எனக்கு இதுதான் வேலை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தராசோடு மலைக்குப் போவேன். பெண்கள் தாங்கள் பறித்த கொழுந்தைப் பையோடு கொக்கியில் மாட்டுவார்கள், நான் எடையைச் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்வேன். வெயில் நாளில் ஒரு வம்பும் இல்லை. மழையோ மூடுபனியோ இறங்கினால்தான் தகராறு. கொழுந்து நனைந்திருக்கும். நனைந்த கொழுந்து எடை கூட நிற்கும். நான் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பிழிந்து பார்த்துவிட்டு, "தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிச்சாச்சு" என்பேன்.

"இந்தாளு பிழிஞ்சா கல்லுலகூடத் தண்ணி வரும்" என்று என் காதுபடவே பேசுவார்கள். பேசட்டும். சில பேர் வெயில் நாளிலும் பாட்டில் தண்ணியைப் பைக்குள் தெளித்துக்கொண்டு வருவது எனக்குத் தெரியாதா? தண்ணியைக் கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று மனசுக்குள் ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடுதான் இந்தக் கதையில் நான் செய்த காரியத்தைப் பார்க்க வேண்டும்.

எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருசமாகிறது. வந்த அன்று ராத்திரி அழுதேன். மறுநாளிலிருந்து அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டேன். சோறு பாதி, காலையில் நடை, டீயில் சர்க்கரை கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை குன்னூரில் ரத்தம் கொடுத்து, வந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டுவேன். பஸ் கண்டக்டர்கூடத் தப்பியதில்லை. என் வீட்டுக்காரி ஒரு நாள், "ஏனுங்க, அதுக்கு ஒரு கண்ணாடி சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிரலாமுங்களா?" என்று கேட்டாள். கோபம் வந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை.

வருசத்துக்கு ஒரு தடவை எஸ்டேட்டில் மருத்துவ முகாம் நடக்கும். குழந்தைகள் காப்பகத்துக் கூடத்தில் இரண்டு நாள் மேஜை போட்டு உட்காருவார்கள். சர்க்கரைக்காரர்கள் எல்லோரும் சிறுநீர் கொடுக்க வேண்டும். நர்ஸ் அதில் ஒரு காகிதப் பட்டையை நனைத்து எடுப்பார். பட்டை மஞ்சளாகவே இருந்தால் வீட்டுக்குப் போகலாம். பச்சையாக மாறினால் சிறுநீரில் புரதம் போகிறது என்று அர்த்தம். மறுநாள் இன்னொரு தடவை பார்ப்பார்கள். அன்றைக்கும் பச்சை என்றால் பெயரை எழுதிக்கொண்டு குன்னூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவார்கள்.

இரண்டு வருசம் முன்னால் என் பட்டை பச்சையானது. எனக்கு அவமானமாகப் போயிற்று. சட்டைப் பையிலிருந்த ரிப்போர்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, "என் சுகரைப் பாருங்க சிஸ்டர், உங்க பட்டைதான் கெட்டுப் போயிருக்கும்" என்று வாக்குவாதம் செய்தேன். அந்தப் பெண் பொறுமையாக, "நாளைக்கு மறுபடி கொண்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலையில் மூன்று சொம்பு வெந்நீர் குடித்தேன். எங்கள் குளிருக்குப் பச்சைத் தண்ணி இறங்காது. வயிறு உப்பி, நடந்தால் உள்ளே சலசலவென்று கேட்டது. போய்க் கொடுத்தேன். பட்டை பளிச்சென்று மஞ்சள். என் பெயரை அடித்துவிட்டார்கள். கொழுந்தில் தண்ணி சேர்ந்தால் எடை கூடும், இதில் தண்ணி சேர்ந்தால் கோளாறு குறையும், இவ்வளவுதானே விஷயம் என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்கடுத்த முகாமிலும் இதே வைத்தியம்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னோடு போயிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் தோட்டத்தில் ஒரு அம்மா இருக்கிறார். எனக்கு இரண்டு வயது இளையவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். கொழுந்தெடுப்பதில் அவர் கைக்கு ஈடான கை கிடையாது. என்னை இன்னும் அந்தக் காலத்து வழக்கப்படி 'கணக்கப்புள்ள ஐயா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்கும் சர்க்கரை. போன கார்த்திகை முகாமில் முதல் நாள் அவருடைய பட்டை பச்சையானது. கூடத்துக்கு வெளியே நின்றிருந்த என்னிடம் வந்தார்.

"ஐயா, நாளைக்கும் இப்படியே வந்தா குன்னூருக்குப் போகணுமாம். ஒரு நாள் ரெண்டு நாளோட விடமாட்டாங்க. எனக்கு லீவே இல்லை. மகளுக்கு மாசி கடைசியில பிரசவம். அதுக்குன்னு ஒவ்வொரு நாளா சேர்த்து வெச்சிருக்கேன்."

மகள் கோயம்புத்தூரில் மில் வேலைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமியார் இல்லாத வீடு. இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. பிரசவத்துக்கு அம்மா போயே ஆகவேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதுக்கா கவலைப்படறே? காலையில மூணு சொம்பு வெந்நீர் குடிச்சிட்டு வா. எல்லாம் மஞ்சளாயிரும்" என்றேன்.

"அவ்வளவு தண்ணியா? மலைக்குப் போற நாள்ல நாங்க ஒரு மடக்குக்கு மேல குடிக்கிறதில்லையே. ஒதுங்க இடம் ஏது?"

"ஒரு நாளைக்குத்தானேம்மா."

மறுநாள் அவருடைய பட்டை மஞ்சளாக இருந்தது. கூடத்திலிருந்து வெளியே வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தனை வருசத்தில் அந்தம்மா என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தை பிறந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். கவனித்தேன் என்று இப்போது சொல்லுகிறேன், அப்போது அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். கொழுந்துப் பையைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு மேலே ஏறி வரும்போது அந்தம்மா நிற்க ஆரம்பித்தார். முதலில் ஒரு இடத்தில். அப்புறம் இரண்டு இடத்தில், மூன்று இடத்தில். பையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை கொடுத்து மூச்சு வாங்குவார். நான் மேலேயிருந்து, "என்னம்மா, மேட்டுப்பாளையம் ரயில் மாதிரி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நின்னு வர்றே?" என்று கேலி பேசினேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவரும், "ஏத்தம்தானே ஐயா" என்று சிரித்தார்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு சாபம். மூச்சு வாங்குவதை இங்கே யாரும் நோய் என்று நினைப்பதில்லை. எங்கே திரும்பினாலும் மேடு. ரேஷன் கடைக்குப் போக மேடு, கோயிலுக்குப் போக மேடு. மூச்சு வாங்கினால் மேட்டைத்தான் திட்டுவோம்.

மாசி மாதம் நடுவில் என் சொந்தச் சோதனைக்காகக் குன்னூர் போனேன். புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். சின்ன வயது. என் ரிப்போர்ட்டைக் காட்டினேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "சுகர் நல்லா இருக்குங்க. யூரின்ல புரதம் அளவு பார்த்து எத்தனை நாளாச்சு?" என்றார். முகாமில் எல்லாம் மஞ்சள்தான் என்றேன். "பட்டை வேண்டாம். லேப்ல அளந்தே பார்த்துரலாம். நாளைக்குக் காலையில முதல்ல போறதைக் கொண்டு வாங்க" என்றார்.

நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். மூன்று சொம்பு. பஸ்ஸில் வருகிற வழியில் இரண்டு இடத்தில் இறங்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை வந்ததைத்தான் லேப்பில் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் கழித்து லேப்பிலிருந்த பெண் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டது. "ஏனுங்க சார், காலையில எத்தனை தண்ணி குடிச்சீங்க?"

"ஏம்மா?"

"இது யூரினே இல்லீங்க, தண்ணிதான். இருந்தாலும் பரவால்லீங்க, கணக்குல எடுத்துட்டோம்."

என்ன கணக்கு என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்னது எனக்கு ஒரே தடவையில் புரிந்தது. சிறுநீரில் புரதத்தோடு கிரியேட்டினின் என்று இன்னொன்றும் போகிறதாம். அது தசையிலிருந்து வருவது. ஒரு ஆளுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளியே போகும். தண்ணி அதிகம் குடித்தால் இரண்டும் சேர்ந்துதான் நீர்த்துப் போகும். அதனால் இதை அதால் வகுத்துவிட்டால், நீ எத்தனை சொம்பு குடித்தாலும் உண்மை தெரிந்துவிடும். "தண்ணியைக் கழிச்சிட்டுப் பார்க்கறோமுங்க, அவ்வளவுதான்" என்றது அந்தப் பெண்.

இருபத்தெட்டு வருசம் ஊரார் கொழுந்தைப் பிழிந்தவன் நான். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு எங்கே முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. முப்பதுக்குள் இருக்க வேண்டிய எண் எனக்கு நூற்று நாற்பது என்று வந்திருந்தது.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். ஒரு காகிதத்தில் குழாய் மாதிரி வரைந்து காட்டினார். "சர்க்கரைக்காரங்களுக்குக் கிட்னியில புரதம் கசியுதுன்னா, அங்க இருக்கற சின்ன ரத்தக் குழாய்களோட உள்சுவர் கெட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். அது கிட்னியோட நிக்கிற சமாச்சாரம் இல்லீங்க. அதே ரத்தம்தான நெஞ்சுக்கும் போகுது? சுகர் நம்பர் நல்லா இருந்தாலும், இது கசியறவங்களுக்கு மாரடைப்பு வர்ற ஆபத்து கூட. இதை முன்கூட்டியே வந்து சொல்ற தகவல்னு எடுத்துக்கங்க. பயப்படறதுக்கு இல்லை. மாத்திரை இருக்கு, பிரஷரைக் குறைக்கலாம், உப்பைக் குறைக்கலாம், கொழுப்பைக் குறைக்கலாம். கசிவே குறையும். சீக்கிரம் தெரிஞ்சவங்க தப்பிச்சுக்கறாங்க."

"எனக்கு நெஞ்சு வலியெல்லாம் இல்லீங்களே" என்றேன்.

"சர்க்கரைக்காரங்களுக்கு வலி தெரியாமலும் போகும். மேடு ஏறும்போது முன்னைவிட மூச்சு வாங்குதா, அடிக்கடி நிக்கறீங்களா?"

பொய் சொல்ல மாட்டேன், முதலில் என் நெஞ்சில்தான் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். நான் நிற்பதில்லை. மூச்சு வாங்குவதில்லை. இ.சி.ஜி. எடுத்தார்கள், நன்றாக இருந்தது. அப்பாடா என்று பஸ் ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில், ரோட்டோரம் பைகளைச் சுமந்துகொண்டு பெண்கள் ஏறி வருவது தெரிந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தம்மா மூன்று இடத்தில் நிற்கிறார். அவருடைய பட்டையை மஞ்சளாக்கியவன் நான். அவர் நாளைக் காலையில் கோயம்புத்தூர் போகிறார்.

வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெந்நீர் விஷயம் அவளுக்கே தெரியாது. குளிருக்குக் குடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். "சட்டையைக்கூட மாத்த வேண்டாமுங்க. இப்பவே போலாம்" என்றாள்.

தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கிற லயத்தில் அந்தம்மா வீட்டு வாசலில் துணிப்பை கட்டி வைத்திருந்தது. உள்ளே பழைய சேலையைக் கிழித்துப் பிள்ளைத் துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து தேத்தண்ணி போட அடுப்பைப் பற்ற வைக்கப் போனார். "வேண்டாங்க, உட்காருங்க" என்றேன். நான் அவரை 'ங்க' போட்டுப் பேசியதில் அவரே திகைத்துப் போனார். தரையில் உட்கார்ந்து, டாக்டரம்மா சொன்னது, லேப் பெண் சொன்னது, நான் செய்தது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

கையிலிருந்த துணியைத் திரும்பத் திரும்ப மடித்தார். பிறகு சொன்னார்.

"இருபத்தெட்டு வருசம் உங்க தராசுல கொழுந்து போட்டிருக்கேன் ஐயா. ஒரு நாளும் ஒரு சொட்டுத் தண்ணி தெளிச்சதில்லை. நீங்க கழிச்ச நாள்லயும் தெளிச்சதில்லை. என் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் தண்ணி காட்டி ஏமாத்தினேன். அதுவும் நீங்க சொல்லித்தான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயசு ஆம்பளை, அடுத்தவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கும் அவர் அசையவில்லை. பிரசவம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். எத்தனை சொல்லியும் அதே பேச்சு. கடைசியில் என் வீட்டுக்காரிதான், "அக்கா, எந்த பஸ்ஸுல போனாலும் குன்னூர் வழியாத்தானே போகணும்? ரெண்டு மணி நேரம் இறங்கிட்டுப் போலாம். நாங்களும் வர்றோம். உங்க மக ரெண்டு தடவை இழந்துட்டு நிக்கறா. மூணாவது தடவை புள்ளைய வாங்கறதுக்கு அம்மா வேணுமுங்கல்ல?" என்றாள்.

அந்தம்மா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு, "சரி, ரெண்டு மணி நேரம்" என்றார்.

இரண்டு மணி நேரம் ஆகவில்லை. இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்ததுமே டாக்டரம்மா எழுந்துவிட்டார். புரத அளவு நானூறைத் தாண்டியிருந்தது. பஸ்ஸில் விடவில்லை, ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். என் வீட்டுக்காரி கூடப் போனாள். நான் மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த சாமி ஒன்று விடாமல் கூப்பிட்டேன்.

நெஞ்சுக்குப் போகிற ஒரு குழாய் முக்காலே மூணு வீசம் அடைத்திருந்ததாம். மறுநாளே ஸ்டென்ட் என்கிற வலைக்குழாய் வைத்துத் திறந்துவிட்டார்கள். இன்னும் சில நாள் போயிருந்தால் பிரசவ ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே விழுந்திருப்பார் என்று அங்கே இருந்த டாக்டர் சொன்னதாக என் வீட்டுக்காரி போனில் சொன்னாள். பன்னிரண்டாம் நாள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளையை முதலில் வாங்கியது அந்தம்மாதான். நின்றுகொண்டு வாங்கக்கூடாது என்று கட்டளை, அதனால் நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினாராம். என் வீட்டுக்காரி போட்டோ அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க நிறுவையில் யாரிடமும் நான் கத்தவில்லை. பெண்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

வைகாசியில் அந்தம்மா திரும்பி வந்தார். நாற்றுப் பண்ணையில் லேசான வேலை கொடுத்தார்கள். முகத்தில் நல்ல தெளிவு. வந்த வாரமே என்னைத் தேடி வந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஐயா, அந்த வெந்நீர் சங்கதி என்னோட நின்னுச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? எங்க லயத்துச் சக்கரைக்காரங்க அத்தனை பேருக்கும் அன்னிக்குக் காலையில நான்தான் காய்ச்சிக் குடுத்தேன். மேல் லயத்துக்கும் போயிருக்கு."

அன்று சாயங்காலமே முகாம் நர்ஸுக்குப் போன் போட்டு நடந்ததை ஒப்புக்கொண்டேன். அவர் முகாமைக் கார்த்திகை வரை தள்ளாமல் ஆனியிலேயே வைத்தார். அதற்கு முந்தின வாரம் மூன்று நிறுவையிலும், தராசை மாட்டுவதற்கு முன்னால், என் கதையை நானே சொன்னேன். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "பிழியறவர் பிழிபட்டுட்டார்" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தம்மா ஒவ்வொரு லயமாகப் போய், "காலையில எழுந்ததும் முதல்ல வர்றதுதான் வேணும், அதுக்கு முன்னால ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கூடாது" என்று சொல்லி வைத்தார்.

முகாம் அன்றைக்கு வரிசையில் முதல் ஆளாக நான் நின்றேன். என் பட்டை எல்லோர் முன்னாலும் பச்சையானது. லேசான பச்சை. நாலு மாத மாத்திரையில் நூற்று நாற்பது எழுபதுக்கு இறங்கியிருந்தது, ஆனாலும் பச்சைதான். என் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலருக்கு மஞ்சள். பதினொரு பேருக்குப் பச்சை, மறுநாள் பார்த்தபோதும் அதே பச்சை. யாரும் வாக்குவாதம் செய்யவில்லை, யாரும் ஓடவில்லை. பயம் இருந்தது. ஆனால் நெஞ்சுக் குழாயின் அடைப்பு நீங்கி உயிரோடு வந்த ஆள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொருத்தியும் பட்டையைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை குன்னூருக்குப் போக எஸ்டேட் வேன் வந்தது. அந்த நாளை யாருடைய லீவிலும் கழிக்கமாட்டோம் என்று மேனேஜரிடம் பேசி வாக்கு வாங்கியிருந்தேன். நான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேன் கதவருகே நின்று, நிறுவையில் கூப்பிடுகிற அதே குரலில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டேன். ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள். எல்லோரும் நல்ல சேலை கட்டியிருந்தார்கள். பட்டியலை மடித்து டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன்.

முன் சீட்டிலிருந்து அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பேர் கூப்பிட்டது போதும், ஏறுங்க. நீங்களும் பச்சைதானே."

எனக்கு அடுத்த மாதம்தான் முறை என்று சொல்ல வாயெடுத்தேன். வேனுக்குள் பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். பல பேர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் இரண்டு பேர் நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன்.